தீபம் பார்த்த பிறகு ஒரு சொட்டு

பச்சையம்மாளுக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பது எந்த வருஷத்தில் மறக்க ஆரம்பித்தது என்று சக்கரபாணிக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எழுபத்தாறாக இருக்கலாம், அதற்கு முன்பாகவும் இருக்கலாம். சமையல்கட்டில் இடது கைப்பக்கம் வைத்த சொம்பு அடிக்கடி உருண்டது. தேரடி வீதியில் இடது பக்கமாக வந்த மாட்டின் மேல் போய் மோதிக்கொண்டு மாட்டைத் திட்டினாள். கொம்பு வைத்திருப்பது அது, நீ ஏன் போய் முட்டுகிறாய் என்று அவர் கேட்டதற்கு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துபோனது. ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்குக் கவனம் கொஞ்சம் பிசகத்தான் செய்யும் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள்.

சக்கரபாணி திருவண்ணாமலை மார்க்கெட் கமிட்டியில் எடைக் குமாஸ்தா. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து விவசாயிகள் வண்டி கட்டிக் கொண்டுவரும் வேர்க்கடலைக்கு, அந்தப் பக்கத்தார் வாயில் மல்லாட்டைக்கு, எடை பார்த்து எழுதுவது அவர் வேலை. வீடு திரும்பினால் நூலகத்துப் புத்தகம் ஏதாவது கையில் இருக்கும். சத்தமாகப் படிப்பார். பச்சையம்மாள் பூண்டு உரித்தபடி கேட்பாள், கதையில் யாராவது அநியாயத்துக்கு நல்லவனாக இருந்தால், "இவன் எந்த ஊர்ல இருக்கான்? விலாசம் எழுதியிருக்குதா பாருங்க" என்பாள். மகள் சந்திரகலாவைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்தபிறகு வீட்டில் அவர்கள் இருவர்தான்.

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, ஒரு கண்ணாடி வாங்கிவிடலாம் என்றுதான் எழுபத்தெட்டில் பள்ளிக்கூடத்தில் போட்ட கண் முகாமுக்கு அவளை அழைத்துப்போனார். வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்த டாக்டர், மற்றவர்களைவிட அதிக நேரம் அவள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு ஓர் அட்டையால் அவளுடைய வலது கண்ணை மறைத்து, எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"கண்ண மூடிட்டு இன்னா தெரியுதுன்னு கேட்டா?" என்றாள் பச்சையம்மாள்.

அவளுடைய இடது கண் திறந்துதான் இருந்தது. அது திறந்திருப்பது அவளுக்கே தெரியவில்லை. சக்கரபாணிக்கு அந்தப் பள்ளிக்கூட அறை, கரும்பலகையில் பாதி அழித்திருந்த பெருக்கல் கணக்கு, எல்லாம் ஒரு கணம் அசையாமல் நின்றது. இத்தனை காலமாகப் பக்கத்தில் படுத்து எழுந்தவளின் ஒரு கண் அணைந்துபோனதை அவரும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

வேலூருக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுத்தார்கள்.

வேலூரில் பார்த்தது ஒரு லேடி டாக்டர். நடுத்தர வயது, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசும் பழக்கம். பச்சையம்மாளை மல்லாந்து படுக்கவைத்து, கண் மரத்துப்போக ஒரு மருந்து விட்டு, சின்னஞ்சிறு உலோகக் கருவி ஒன்றைக் கருவிழியின் மேல் நிமிர்த்தி வைத்தார். அதன் தலையில் ஒரு முள், முள்ளுக்குப் பின்னால் கோடுகள். முள் சரியாக நகரவில்லை என்று குண்டுமணி போன்ற ஒரு எடையை எடுத்து அதன்மேல் ஏற்றினார். நாள் முழுக்கத் தராசோடு வாழ்கிறவர் சக்கரபாணி. கண்ணையும் எடை போடுவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, ஓரத்தில் இருக்கும் ஜலதாரை வழியாக வடிந்துகொண்டும் இருக்கிறது. வயது ஏற ஏறச் சிலருக்கு அந்த ஜலதாரை அடைத்துக்கொள்ளும். ஊறுவது ஊறும், வடிவது வடியாது. அப்போது உள்ளே அழுத்தம் கூடும். கூடினால் வலிக்காது. சிவக்காது. பின்னால் இருக்கும் நரம்பை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். ஓரம்தான் முதலில் போகும், நடு கடைசியில். ஆகையால் ஆளுக்குத் தெரியாது. இடது கண் போனது போனதுதான். வலது கண்ணிலும் ஓரம் கொஞ்சம் போயிருக்கிறது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவது ஒன்றுதான் இனிச் செய்யக்கூடியது.

பச்சையம்மாள் இதை உடனே பிடித்துக்கொண்டாள். சைக்கிள் டியூபில் காற்று ஜாஸ்தியானால் வெடிப்பதுபோல என்றாள். பிறகு, உப்பைக் குறைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டாள். எதிர்வீட்டு ஜோதியம்மாளுக்குப் பிரஷர் என்று உப்பைத்தான் நிறுத்தியிருந்தார்கள். அது ரத்தத்தின் அழுத்தம், இது கண்ணின் அழுத்தம், இரண்டும் வேறு என்றார் டாக்டர். ஆனால் முழுக்க வேறும் இல்லை. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகள், எல்லாம் அதைக் கொஞ்சம் ஏற்றும் இறக்கும். ஒரே நாளில்கூட விடிகாலையில் ஒன்று இருக்கும், மத்தியானம் ஒன்று இருக்கும். பெற்றவர்களுக்கு இருந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம்.

சக்கரபாணிக்கு இது புரிந்தது. காலையில் பனியோடு வந்த மல்லாட்டை மூட்டை மாலையில் அதே எடை நிற்காது. நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பச்சையம்மாளோ பெற்றவர்கள் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். தாய்வீடான அடி அண்ணாமலையில் அவள் அம்மா கடைசிக் காலத்தில் மூலையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்தையெல்லாம் தடவிப்பார்த்து இன்னார் என்று சொல்வாள். வயசானால் கண் போகும் என்று வீட்டில் எல்லாரும் அதை நரையைப்போல எடுத்துக்கொண்டார்கள். "நான் அப்படி எவன் மூஞ்சியையும் தடவ மாட்டேன்" என்றாள் பச்சையம்மாள், திரும்பி வரும் பஸ்ஸில்.

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நாலு வேளை. சக்கரபாணி போடக் கற்றுக்கொண்டார். அவள் நெற்றியில் மணிக்கட்டை ஊன்றி, கீழ் இமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டு. பிறகு மூக்கோரமாகக் கண்ணின் முனையை விரலால் அழுத்திக்கொண்டு அவள் கண்மூடி இருக்க வேண்டும், மருந்து தொண்டைக்கு இறங்காமல் இருக்க. மத்தியானச் சொட்டை மட்டும் அவளே போட்டுக்கொண்டாள். அந்த மருந்து கண்பாவையைக் கடுகளவுக்குச் சுருக்கிவிடும். புருவத்துக்கு மேலே விண்விண்ணென்று தெறிக்கும். தூரத்தில் இருப்பது கலங்கலாகத் தெரியும், பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் அடுப்புப் புகை நிறைந்ததுபோல மங்கும். டாக்டர் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். மங்குவது மருந்தின் வேலை, நோயின் வேலை இல்லை. பச்சையம்மாள் தலையை ஆட்டியிருந்தாள். தலையை ஆட்டுவதற்கும் அந்தி நேரத்தில் அரிசியில் கல் தெரியாமல் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள தூரம் அவளுக்குத்தானே தெரியும்.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. கார்த்திகை தீபத்தன்று அவளுடைய தாய்வீட்டில் யாரும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சாயங்காலம் மலையுச்சியில் தீபம் தெரிந்தபிறகுதான் வீட்டில் விளக்கு, விளக்குக்குப் பிறகுதான் சாப்பாடு. தீபத்தைப் பார்த்து, "தெரிஞ்சிடுச்சு, ஏத்துங்க" என்று சொல்ல வேண்டியது வீட்டுப் பெண்களில் மூத்தவள். அம்மா போனபிறகு அந்த முறை பச்சையம்மாளுக்கு வந்தது. அதற்காகவே வருஷாவருஷம் கொடியேற்றத்துக்குத் தம்பி தருமன் வீட்டுக்குப் போய்விடுவாள். சொட்டு மருந்து ஆரம்பித்தபிறகு வந்த தீபங்களில் அவள் மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தி மங்கலில் ஒன்றும் தெரியவில்லை. ஊரே அரோகரா என்று கூவியதும், தெரிந்துவிட்டது என்று அவளும் சொன்னாள். அம்மாவும் கடைசி வருஷங்களில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதும், வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும் என்பதும் பச்சையம்மாளுக்கு நினைவிருந்தது. சாமி முன்னால் பொய் சொல்கிறேன் என்று சக்கரபாணியிடம் மட்டும் சொன்னாள்.

எண்பத்தொன்றில் அறுவடை நல்ல அறுவடை. கார்த்திகை முழுக்கக் கமிட்டியில் மூட்டை குவிந்து கிடந்தது. அவரால் தீபத்துக்கு அடி அண்ணாமலை போக முடியவில்லை. கூட்டம் கலைந்து, மலையில் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பச்சையம்மாளை அழைத்துவரப் போனார்.

அவள் தெருவிலேயே எதிர்கொண்டாள். இளவயதில் பார்த்த முகம் அது. "ஏங்க, அந்தப் புளியமரத்து உச்சியில பாருங்க. காக்கா கூட்டுல குஞ்சு வாயத் தொறக்குது" என்றாள். சக்கரபாணிக்குக் கூடே தெரியவில்லை.

வந்த நாளிலிருந்து சொட்டு போடவில்லை என்று அவளே சொன்னாள். மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய விஷயமாகவே அவளுக்குப் படவில்லை. தீபத்தன்று அண்ணாமலையாரை ஒரு தடவை நேராகப் பார்த்துவிட வேண்டும், அதற்குள் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம் என்றுதான் நிறுத்தினாளாம். இரண்டாம் நாளே புகை விலகிவிட்டதாம். தீபம் ஏற்றியபோது, முதல் சுடர் திரியைப் பிடித்துத் தடுமாறி எழுந்ததுகூடத் தெரிந்ததாம். யாரும் கூவுவதற்கு முன்னாலேயே அவள் சொன்னாள், தெரிந்துவிட்டது என்று. தருமன்கூட நம்பாமல் ஒரு நிமிஷம் காத்திருந்தானாம், பிறகுதான் அரோகரா சத்தம் கேட்டதாம்.

"சாமி கண்ணத் தொறந்துட்டாரு. இனிமே அந்த எழவு மருந்து எனக்கு வேணாம்" என்றாள்.

டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னதை அவர் திரும்பச் சொன்னார். மருந்தை நிறுத்தினால் வெளிச்சம் வரும், அது நோய் போனதாக ஆகாது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும், தெரியாது. தெரியவரும்போது ஒன்றும் மிச்சம் இருக்காது.

தருமன் குறுக்கே விழுந்தான். "மாமா, தெரியுதுன்னு சொல்றவகிட்ட தெரியலன்னு சண்ட போடற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பச்சையம்மாள் சிரிக்கவில்லை. "அவரு குடுத்தத நான் வாணாம்னு சொல்லட்டுமா? குடுத்துட்டு வாசப்படியிலதான் நிக்கறாரு, பாருங்க" என்று மலையைக் காட்டினாள். உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது.

வீடு வந்தபிறகும் பேச்சு நகரவில்லை. சக்கரபாணி மருந்துக் குப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நயமாகச் சொன்னார், கோபமாகச் சொன்னார். ஒரு வாரம் புத்தகம் படிக்காமல் இருந்து பார்த்தார். "படிக்காட்டிப் போங்க. எனக்குத் தெருவே தெரியுது, அதப் படிச்சிக்கிறேன்" என்று அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். சந்திரகலா வந்து அழுதாள். சாமி காரியத்தில் அழக்கூடாது என்று மகளுக்கு முறுக்குச் சுட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அவருக்கே சில நேரம் தடுமாற்றம் வந்தது. கண்முன்னால் நடப்பது என்ன? மருந்து போட்டபோது அவள் தடவித் தடவி நடந்தாள். நிறுத்தியபிறகு ஓடியாடி வேலை செய்கிறாள். வலி இருந்தால் வலியைக் காட்டலாம். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொடச் சொல்லலாம். இந்த அழுத்தத்துக்கோ கையும் இல்லை காலும் இல்லை. எங்கோ வேலூரில் ஒரு முள் காட்டும் கோடுதான் அதற்கு உருவம். அந்தக் கோட்டை நம்பி, அவள் கண்ணால் பார்ப்பதை நம்பாதே என்று எப்படிச் சொல்வது? எடைத் தராசை நம்பாத விவசாயியை அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். மூட்டையைத் தோளில் தூக்கி வந்தவனுக்கு அதன் கனம் தோளில் தெரியும். முள் என்ன சொன்னாலும் அவன் தோளைத்தான் நம்புவான்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவளே சொன்னாள், வேலூருக்குப் போகலாம் என்று. மருந்துக்கு இல்லை. அண்ணாமலையார் செய்ததை டாக்டரம்மாவும் பார்க்கட்டும் என்று. எந்தக் காரணத்துக்கானாலும் சரி என்று அவர் உடனே லீவு எழுதிக்கொடுத்தார். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஊரிலும் கடைப்பலகையைப் படித்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் அவள் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். படுக்கவைத்துக் கருவியை வைத்தார். எடையை மாற்றி இன்னொரு தடவை வைத்தார். போன தடவை இருபத்திரண்டு, இப்போது முப்பத்தெட்டு என்றார். நின்றுகொண்டே பஸ்ஸில் வந்ததால் இருக்கும் என்றாள் பச்சையம்மாள்; அவள் நின்றுகொண்டு வரவில்லை. ரத்த அழுத்தத்தையும் பார்த்தார்கள். அதில் குறை இல்லை. பிறகு கறுப்புத் துணி விரித்த சுவரின் முன்னால் உட்காரவைத்து, நடுப்புள்ளியையே பார்க்கச் சொல்லி, வெள்ளை மணி கோத்த ஒரு குச்சியை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தி, மணி தெரிந்ததும் சொல்லச் சொன்னார்கள். மூக்குப் பக்கமாக ஒரு துண்டு போயிருந்தது. போன வருஷம் அந்த இடத்தில் மணி தெரிந்தது. பச்சையம்மாள் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சுவரில் தெரியாவிட்டால் என்ன, தெருவில் தெரிகிறதே என்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு சக்கரபாணியை அவளுக்கு எதிரே ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"அம்மா, நீங்க எலுமிச்சம்பழம் எப்படி வாங்குவீங்க?"

"அமுக்கிப் பாத்துதான்."

"சார், கண்ண மூடிக்கிட்டு கீழ பாருங்க. அம்மா, அவர் மேல் இமைமேல ரெண்டு ஆள்காட்டி விரலையும் வெச்சி, ஒண்ணு மாத்தி ஒண்ணு மெதுவா அமுக்கிப் பாருங்க. ரொம்ப மெதுவா. மெஷின் வர்றதுக்கு முன்னாடி நாங்க இப்படித்தான் பாத்துக்கிட்டிருந்தோம்."

அறையில் அடுத்த நோயாளிகள் இருவரும் ஒரு நர்சும் இருந்தார்கள். அத்தனை பேர் எதிரில் புருஷன் முகத்தைத் தொடுவதா என்று பச்சையம்மாள் கூசினாள். "தொடுங்கம்மா, அவரு ஒண்ணும் கடிக்கமாட்டாரு" என்றாள் நர்சு. சக்கரபாணி கண்ணை மூடியிருந்தார். முதலில் வளையல் சத்தம் கேட்டது. பிறகு, வாழைக்காய்க்கறை ஏறிச் சொரசொரத்த இரண்டு விரல் நுனிகள், பூவைத் தொடுவதுபோல இமையில் உட்கார்ந்தன. முப்பது வருஷத்தில் அவள் அப்படித் தொட்டதில்லை. ஒன்று அழுத்தியது, மற்றது காத்திருந்தது. பிறகு மற்றது.

"இப்ப உங்க வலது கண்ண மூடிக்கிட்டு அதே மாதிரி."

விரல்கள் போயின. அவர் கண்ணைத் திறக்கலாமா என்று கேட்கவில்லை. பிறகு, யாரும் சொல்லாமலே, அந்த விரல்கள் மறுபடியும் அவர் இமைமேல் வந்தன. மறுபடியும் போயின. மூன்றாவது தடவையும் வந்தன.

கண்ணைத் திறந்தார். பச்சையம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருது பழமா இருக்குது டாக்டரம்மா" என்றாள். "என்னுது காயா இருக்குது."

"ஆமாம்" என்றார் டாக்டர். அதற்கு மேல் விளக்கவில்லை. வீட்டில் இப்படி அழுத்திப் பார்க்கக்கூடாது, இன்றைக்கு ஒரு தடவையோடு சரி என்று மட்டும் சொன்னார். போன துண்டு திரும்பி வராது என்பதையும், இருப்பதைப் பிடித்துவைக்கலாம் என்பதையும் சொன்னார். அங்கேயே சொட்டு போட்டார்கள். பச்சையம்மாள் இமையை அசைக்கவில்லை.

எழுந்து வரும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "அடுத்த வருஷம் தீபம்?"

டாக்டர் நினைத்திருந்தால் அதெல்லாம் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் தீபம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். யோசித்தார். அந்த ஒரு நாள் காலைச் சொட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், மத்தியானம் வேண்டாம், தீபத்தைப் பார்த்த அந்த நிமிஷமே சொட்டு விழ வேண்டும் என்றார். "பாத்துட்டு, சாப்பிட்டு, பேசிட்டு, அப்புறம்னு இல்ல. அங்கயே" என்று சக்கரபாணியைப் பார்த்துச் சொன்னார். இனி ஒவ்வொரு தீபத்துக்கும் கமிட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தான் அங்கே இருப்பதாக அவர் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பச்சையம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தார். ஆரணி ரோடு பிரியும் இடத்தில் பேசினாள்.

"அவரு ஒரு நாளைக்குத்தாங்க குடுத்தாரு. நான்தான் முழுசும் எனக்குன்னு எடுத்துக்கிட்டேன்."

அதன்பிறகு மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனால் கண் அப்படியே நின்றுவிட்டதா என்றால் இல்லை. உடம்பு எப்படி ஒரே மாதிரி இருப்பதில்லையோ அப்படித்தான் முள் காட்டிய எண்ணும். எண்பத்து மூன்றில் டைபாய்டு வந்து கிடந்தபோது ஒரு மாதிரி, எண்பத்து நாலில் சர்க்கரை என்று தெரிந்தபோது ஒரு மாதிரி. ஒருமுறை ஏறிவிட்டது என்று மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைத் தின்றால் விரல் நுனியெல்லாம் மரமரத்தது, சோடா குடித்தால் ருசியே தெரியவில்லை என்றாள். பிறகு ஒரு வருஷம் எண் தானாகவே கொஞ்சம் இறங்கியது. சக்கரபாணி சந்தோஷப்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிக்கொடுத்தார். உடம்பு இளைத்து ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்குவதை அப்போது இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே உடம்புக்குள் ஒன்று இறங்குவது நல்லதாகவும் இன்னொன்று இறங்குவது கெட்டதாகவும் இருக்கிறது. எது எதோடு சேர்ந்து இறங்குகிறது என்று சொல்ல ஒரு தராசும் இல்லை.

எண்பத்தெட்டு ஆனி மாதத்தில் பச்சையம்மாள் போய்விட்டாள். மாரடைப்பு என்றார்கள். காலையில் சந்திரகலாவின் மகளுக்குத் தலைவாரி, வகிடு கோணல் என்று பிரித்து மறுபடியும் வாரிவிட்டிருக்கிறாள். யார் முகத்தையும் அவள் தடவ வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய கடைசி தீபம் அதற்கு முந்திய கார்த்திகை. தருமன் வீடு கட்டிவிட்டிருந்தான். மொட்டை மாடியில் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஏறிவந்திருந்தார்கள். சக்கரபாணி மனைவியின் பக்கத்தில் நின்றார், மருந்துக் குப்பி கைக்குள் சூடேறியிருந்தது. கீழே பிள்ளைகள் பசியோடு, ஆச்சா அத்தை, ஆச்சா அத்தை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பச்சையம்மாளின் பார்வை அந்நாளில் ஒரு சாவித் துவாரம் அளவுக்கு வந்திருந்தது. எதிரே நேராக இருப்பது துல்லியமாகத் தெரியும், சுற்றிலும் ஒன்றும் இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் முகம் வானத்தில் அலைந்தது. அவர் அவளுடைய மோவாயைப் பிடித்து, ஒரு விரற்கடை மேலே, இன்னும் கொஞ்சம் வலது பக்கம் என்று திருப்பிவைத்தார். யார் பார்த்தால் என்ன என்ற வயது இருவருக்கும் வந்திருந்தது.

அப்படியே நின்றாள். சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தாள். "தெரிஞ்சிடுச்சு, ஏத்துங்க" என்று கீழே பார்த்துக் குரல் கொடுக்காமல், முகத்தை நகர்த்தாமல் சொன்னாள். அதற்குப் பிறகுதான் ஊர் கூவியது.

"மலை தெரியுதா?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"மலை இல்லீங்க" என்றாள். "வெறும் நெருப்பு மட்டும் நடு வானத்துல நிக்குது." கொஞ்சம் பொறுத்து, "அண்ணாமலையாரு மொதல்ல நெருப்பாத்தான நின்னாரு. மலையானது அப்புறந்தான. எனக்கு மட்டும் பழசக் காட்டறாரு போல" என்றாள். குரலில் வருத்தம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவருக்கு டாக்டர் சொன்னது நினைவிருந்தது. "போதுமா?" என்றார்.

"போதாது. போடுங்க."

அவள் தலையைப் பின்னால் சாய்த்தாள். அவர் நெற்றியில் மணிக்கட்டை ஊன்றி, இமையை இழுத்து, ஒரு சொட்டு விட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வழிந்த மிச்சம் கன்னத்தில் கோடாக இறங்கியது. பக்கத்தில் நின்ற வேதா என்கிற பெண் இதைப் பார்த்துவிட்டு, பச்சையக்காவுக்கு இருக்கிற பக்தி யாருக்கு வரும் என்று தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். பச்சையம்மாளின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று சக்கரபாணிக்குத் தெரிந்தது. சிரித்தால் சொட்டு வெளியே வந்துவிடும்.

ஒவ்வொருவராக மாடியிலிருந்து இறங்கினார்கள். தெரு முழுக்க அகல்கள் எரிய ஆரம்பித்தன. கீழே இலை போடும் சத்தமும், யாருக்கு முதலில் என்று பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் சத்தமும் கேட்டது. அவர் அவள் மூக்கோரமாக விரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். அவள் கண்ணைத் திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.